அளவுக்கு நின்றவர்

உன்னோடு இனிமேல் பேச்சே கிடையாது என்று உன் அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தில் சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்கச் சொன்ன உன் அம்மா எழுதுகிறேன். பேச்சு கிடையாது என்றுதான் சொன்னேன், எழுத்து கிடையாது என்று சொல்லவில்லை. அன்றைக்குச் சொன்னதோடு நான் விட்டுவிடவும் இல்லை. தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கும்போது சொன்னேன், பூக்கடையில் சொன்னேன், அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற கிழவிகளிடம் சொன்னேன். மரத்துக்கும் சேற்றுக்கும் படம் எடுக்கிற பிள்ளை பெற்ற அப்பனுக்கு ஒரு படம் எடுக்கவில்லை என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். ஆகையால் இந்தக் கடிதத்தையும் ஊரெல்லாம் படிக்கட்டும். இந்தக் குடும்பத்தில் ஒளித்தது போதும்.

ஞாயிற்றுக்கிழமை நான் உன் அப்பாவைப் பார்த்தேன். அடுத்த வாரம் அவருக்குத் தலைத்திவசம். அந்தத் திவசத்துக்கு உன்னைக் கூப்பிடுவதில்லை, உன் சித்தப்பா மகனை உட்கார வைப்பது என்று நான் முடிவு பண்ணியிருந்தேன். நீ கடல் தாண்டிச் சரவாக் காட்டுக்குப் போகப்போகிறாய், திரும்பி வர ரொம்ப நாள் ஆகும் என்று உன் அக்கா சொன்னபோதும் அந்த முடிவு அசையவில்லை. போகட்டும் என்றேன். அப்படி இருந்தவளுக்கு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நிலைகொள்ளவில்லை. அரிசியைக் களைந்து வைத்தால் அடுப்பில் ஏற்ற மறந்துபோகிறது. யார் என்ன சொன்னார்கள், எந்தச் சேலை கட்டிக்கொண்டு சொன்னார்கள் என்பதுவரை நினைவு வைத்திருக்கிறவள் நான். மறதி என்றால் எப்படி இருக்கும் என்று பேரன் பேத்தி எடுத்த பிறகு இப்போதுதான் தெரிகிறது. முதலிலிருந்து சொல்கிறேன். மற்றவர்களும் படிக்கிறார்கள், அவர்களுக்கும் புரிய வேண்டும்.

நீ சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் கல்யாணப் படம் எடுக்கிற ஸ்டூடியோவில் வேலை பார்த்தாய். நன்றாகத்தான் எடுத்தாய். கறுத்த பெண்ணைக் கறுப்பாகவே எடுத்து அழகாகக் காட்டினாய், அதைப் பற்றி என்னிடமே வந்து பாராட்டியவர்கள் உண்டு. ஒரு நாள் மத்தியானம் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வேலையை விட்டுவிட்டேன் என்றாய். ஏன் என்று கேட்டதற்கு, சிரிங்க சிரிங்க என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது என்றாய். அப்புறம் என்ன செய்யப்போகிறாய் என்றேன். காட்டை எடுக்கப்போகிறேன் என்றாய். இந்த ஊரில் காடு எங்கே இருக்கிறது என்று நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் சட்டம் போட்டேன்: இந்த வீட்டில் யாரும் இவனுக்கு ஒத்தாசை பண்ணக்கூடாது, பட்டுத் தெரிந்துகொண்டு தானாகத் திரும்பி வருவான். உன் அப்பா செய்தித்தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, “உங்கம்மா சொல்றதுதான் சரி” என்றார். அந்த வார்த்தையை நான் நம்பினேன். கல்யாணம் ஆகி மன்னார்குடிப் பக்கத்திலிருந்து கடல் கடந்து இந்த ஊருக்கு வந்த நாளாக, அந்த மனுஷர் என்னிடம் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை.

நீ திரும்பி வரவில்லை. வடக்கே அலையாத்திக் காட்டில் இடுப்பளவு சேற்றில் நின்றுவிட்டு வருவாய், குளியலறை முழுக்க உன் பூட்ஸ் நாறும். ஒரு தடவை உன் காலிலிருந்து விழுந்த அட்டை சமையலறையில் ஊர்ந்துகொண்டிருந்தது, நான் உப்பைக் கொட்டினேன், நீ அதற்காக என்னிடம் கோபித்துக்கொண்டாய். பக்கத்து நாட்டில் காடு எரிந்து இங்கே புகைமூட்டம் வந்த வருஷம், ஊரே ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடந்தபோது, நீ விமானம் ஏறிப் புகை எங்கிருந்து வருகிறதோ அந்த இடத்துக்கே போனாய். கண் சிவந்து, இருமிக்கொண்டு வந்து, கருகின கட்டைகளின் படத்தைக் காட்டினாய். இதை எவன் வீட்டில் மாட்டுவான் என்று கேட்டேன். “மாட்டுறதுக்கு இல்லம்மா. இங்க ஒரு காடு இருந்துச்சுன்னு சொல்றதுக்கு” என்றாய். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்றார்கள். படம் எடுக்கிறான் என்றேன். சினிமாவா என்று முகம் மலர்ந்தது. இல்லை, காடு என்றேன். அந்தப் பெண்ணின் அம்மா, மயில் கழுத்து நிறச் சேலை, “காட்டுல யாரு இருக்கா எடுக்கிறதுக்கு?” என்று கேட்டாள். எனக்கும் அதே கேள்விதான். ஆனால் அவள் கேட்ட தோரணையை நான் மன்னிக்கவில்லை. இன்றைக்கும் அவளைக் கோயிலில் கண்டால் தூண் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

உன் அப்பாவோ பஸ் ஓட்டுகிற வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பக்தராகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமையானால் வெள்ளெனக் கிளம்பிக் காத்தோங் பிள்ளையார் கோயிலுக்குப் போவார். பக்கத்திலேயே வீரமாகாளி இருக்கிறாள், பெருமாள் இருக்கிறார், எதற்கு அவ்வளவு தூரம் என்றால், அந்தப் பிள்ளையாரிடம்தான் மனசு நிற்கிறது என்பார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவார், நெற்றி நிறையத் திருநீறு. கால்சட்டை ஓரத்தில் ஒட்டுப்புல் இருக்கும். வழியில் புல்தரை என்பார். மழையே பெய்யாத நாளில் சப்பாத்து ஈரமாக இருக்கும். கோயிலில் கழுவிவிட்டார்கள் என்பார். கை கால் முழுக்கக் கொசுக்கடி. தைலம் தடவிக்கொண்டே, கோயிலில் ஏன் இத்தனை கொசு என்று நான் ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்கிறேன் என்றேன். மனுஷர் பதறிப்போய், “வேணாம் வேணாம், நானே சொல்லிக்கிறேன்” என்றார். பிரசாதம் கேட்டால் எப்போதும் தீர்ந்துபோயிருக்கும். இது எல்லாம் எனக்கு நினைவு இருக்கிறது, ஒட்டுப்புல்லின் நிறம்கூட. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். ஒன்றையும் தெரிந்துகொள்ளவில்லை.

பிறகு அவர் போனார். சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. செய்தித்தாளில் போடவும் பெட்டிக்கு முன்னால் வைக்கவும் ஒரு படம் வேண்டும் என்று சடங்குக்காரர் கேட்டார். வீட்டில் ஒரு படம் இல்லை. அவருக்குப் படம் பிடித்துக்கொள்ளப் பிடிக்காது, அக்கா கல்யாணத்தில்கூட ஆள் கூட்டிவரப் போகிறேன் என்று வேனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். போனில் இருந்ததில் எல்லாம் பேரப்பிள்ளைகளின் தலைக்கு மேல் பாதி நெற்றி. எல்லாரும் உன்னைப் பார்த்தார்கள். நீ கம்ப்யூட்டரைத் திறந்தாய். நான் உன் பின்னால் நின்றேன். மரம், ஆறு, சேறு, மறுபடி மரம். நீ தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது, ஒன்றிலும் அவர் முகம் இல்லை. கடைசியில் பாஸ்போர்ட் படத்தைப் பெரிசு பண்ணி வைத்தோம், யாரோ பிடித்து நிறுத்தி விசாரிக்கிற மாதிரி விழித்துக்கொண்டு. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் ஏறியது. பதினாறாம் நாள் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன்: “மரத்துக்கெல்லாம் படம் எடுத்தியே, பெத்தவனுக்கு ஒண்ணு எடுத்தியாடா?” நீ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். பேச வாய் இல்லாமல் நிற்கிறான் என்று நினைத்தேன். இனி என் படியேறாதே என்றேன். சரிம்மா என்று தலையை மட்டும் ஆட்டினாய், உன் அப்பா ஆட்டுகிற மாதிரியே.

போன ஞாயிற்றுக்கிழமை உன் அக்கா வந்து, கண்காட்சிக்குப் போகலாம் வாம்மா என்றாள். கண்காட்சி என்றால் சேலைக் கண்காட்சி என்று நினைத்துப் பையை எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே போனால் ஒரு சேலை இல்லை. குளிர், வெள்ளைச் சுவர், ஆளுயரத்துக்கு மேலே காட்டுப் படங்கள். வாசலிலேயே உன் பெயரைப் படித்துவிட்டேன், தமிழிலும் போட்டிருந்தார்கள். நான் எதையும் பார்க்கமாட்டேன் என்று சொல்லி நடுவில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் எதிரில் இருக்கிற சுவரைப் பார்த்துத்தானே ஆக வேண்டும். பெரிய படம், நம் வீட்டு ஹால் சுவர் அளவு. மேற்கே பழைய ரயில் பாதையை ஒட்டி இருந்த காடாம். விடியற்காலைப் பனி. மரங்கள் கோயில் தூண் மாதிரி ஏறிக்கொண்டே போகின்றன, முடிவு தெரியவில்லை. கீழே ஒரு ஓடை. அந்த ஓடைக்கு நடுவில் ஒரு பொட்டு அழுக்கு.

எனக்கு அழுக்கைக் கண்டால் ஆகாது, அது உன் படமாக இருந்தாலும். எழுந்துபோய் முந்தானையால் துடைக்கப் போனேன். அங்கே நின்ற ஒரு சீனப் பெண் ஓடி வந்து என்னைத் தடுத்து அக்காவிடம் இங்கிலீஷில் சொன்னது. அழுக்காக இருக்கிறது என்று சொல்லு என்றேன். அக்கா மெதுவாக, “அது அழுக்கு இல்லம்மா. ஆளு. ஸ்கேலுக்கு நிக்கிறாரு” என்றாள். ஸ்கேல் என்றால் எனக்குத் தெரிந்தது, நாலாம் வகுப்பில் கோடு போடவும் முட்டியில் அடிக்கவும் வாத்தியார் வைத்திருந்த மரக்கட்டை. ஆளை எதற்கு ஸ்கேல் ஆக்குகிறீர்கள் என்றேன். அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னது, அக்கா தமிழில் சொன்னாள்: வெறும் மரத்தை எடுத்தால் அது எவ்வளவு உயரம் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, தோட்டத்துச் செடி மாதிரிதான் தெரியும். பக்கத்தில் ஒரு மனிதர் நின்றால்தான் எவ்வளவு பெரிசு என்று மனசுக்குப் படும். அதற்காக அளவுக்கு ஒருவரை நிறுத்துவது. சரி, எவன் அந்தச் சேற்றில் போய் நின்றது என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தேன்.

முதுகைக் காட்டி நின்றார். ஓர் அரிசி அளவு. இடது தோள் சற்று இறங்கி இருந்தது. பின்னால் ஒரு கை மற்றக் கையின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. எத்தனை வருஷம் அந்த முதுகுக்குப் பின்னால் நடந்திருக்கிறேன் தம்பி, முகத்தைவிட முதுகுதான் எனக்கு அதிகம் பழக்கம். சுவரைப் பிடித்துக்கொண்டேன், அந்தப் பெண் இப்போது தடுக்கவில்லை. திரும்பி உன் அக்காவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு விஷயம் தெரிந்திருந்தால் தரையைத்தான் பார்ப்பீர்கள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. உனக்கும் தெரியுமா என்றேன். தெரியும் என்றாள். வேறு படத்திலும் இருக்கிறாரா என்றேன். அவள் கையைக் காட்டினாள். சேற்றுக் காட்டில், வேர்களுக்கு நடுவில், குடையோடு. பாறை ஓரத்தில், அலைக்குப் பக்கத்தில். நான் சுற்றிச் சுற்றி வந்தேன். அன்றைக்குச் செத்த வீட்டில் நீ கம்ப்யூட்டரில் தள்ளிக்கொண்டே போன படங்கள். ஒவ்வொன்றிலும் நின்றிருக்கிறார், நான் உன் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு முகத்தைத் தேடியிருக்கிறேன்.

கீழே காப்பிக்கடையில் என்னை உட்கார வைத்து, பால் விடாத தே-ஓ டீ வாங்கிக் கொடுத்து, அக்கா போனை எடுத்தாள். நீ அனுப்பி வைத்திருந்த வீடியோவாம், யாரிடமும் காட்டாதே என்று சொல்லி. படம் ஒன்றும் தெரியவில்லை, மங்கலாக இலைகள். குரல்தான். அவர் குரல். அவர் போன பிறகு முதல் தடவையாகக் கேட்கிறேன், பக்கத்து மேசையில் ஆட்கள் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

“அசையாதீங்கப்பா.”

“எவ்வளவு நேரம்டா? காலு ஜில்லுனு இருக்கு.”

“வெளிச்சம் வரட்டும்ப்பா, கொஞ்சம் இருங்க.”

“பஸ் ஸ்டாப்ல நின்னிருந்தாக்கூட இந்நேரம் ரெண்டு பஸ் வந்திருக்கும்லா.”

நீ சிரித்தாய். நீ வேலையை விட்ட நாளுக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் என் வீட்டில் கேட்டதில்லை. அப்புறம் நீ கேட்டாய்: “திரும்புங்கப்பா, முகம் தெரியுற மாதிரி ஒண்ணு எடுக்கிறேன்.”

“வேணாம்டா. முகம் தெரிஞ்சா உங்கம்மாவுக்குத் தெரிஞ்சுரும். நான் இருக்கிற வரைக்கும் அவகிட்ட சொல்லிடாதே. நான் போனப்புறமும் சொல்லாதே. அவ மறக்கவே மாட்டா.”

அக்கா போனை மூடி வைத்தாள். என்னிடம் பயப்பட என்ன இருக்கிறது என்று அவளைக் கேட்டேன். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன். அவள் தன் டீயைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தாள், அதில் சீனி எப்போதோ கரைந்துவிட்டது. “சொல்லுடி” என்றேன். “நீ இன்னும் அந்த மயில் கழுத்துச் சேலையை மறக்கலையேம்மா” என்றாள்.

அப்படியானால் பதினாறாம் நாள் நான் உன்னைக் கேட்டபோது உன்னிடம் பதில் இருந்திருக்கிறது. அப்பா முகத்தைக் காட்டமாட்டேன் என்றார், உனக்குப் பயந்துகொண்டுதான் என்று நீ சொல்லியிருக்கலாம், அத்தனை பேர் முன்னாலும் என் வாய் அடைத்திருக்கும். நீ சொல்லவில்லை. ஊரெல்லாம் நான் உன்னை ஏசியது உன் காதுக்கு வராமல் இருந்திருக்காது. அப்போதும் சொல்லவில்லை. அவர் கேட்டுக்கொண்டதற்காக என் ஏச்சை வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறாய். இதற்காக நான் உன்னை மெச்சுவேன் என்று நினைக்காதே. எனக்குக் கோபம்தான் வருகிறது. அவர் மேல், உன் மேல், அக்கா மேல். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் உன்னோடு அப்படிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார், பஸ் ஸ்டாப் என்று கேலி பேசிக்கொண்டு. என்னோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் ரசத்தில் உப்பு சரியா என்பதற்குமேல் பேசமாட்டார். அந்தப் பேச்சு முழுக்க எங்கே போனது என்று இப்போது தெரிகிறது. எனக்கு ஒரு வாய் அதில் கிடைத்திருக்கக்கூடாதா? நானும் வந்திருப்பேன் என்று சொல்லவில்லை. வந்திருக்கமாட்டேன். ஆனால் வரமாட்டேன் என்று சொல்கிற பேறாவது எனக்கு இருந்திருக்கும்.

கிளம்புவதற்கு முன்னால் மறுபடி மேலே போய் அந்தப் பெரிய படத்தைப் பார்த்தேன். அந்தக் காடு இப்போது எப்படி இருக்கிறது என்று அக்காவைக் கேட்கச் சொன்னேன். மரங்கள் போய்விட்டன, வீடு கட்ட வேலி போட்டாகிவிட்டது என்று அந்தப் பெண் சொன்னது. காட்டை வெட்டாதீர்கள் என்று நீ எத்தனையோ கூட்டத்தில் இந்தப் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினாயாம். ஓடையையும் அதை ஒட்டிய ஒரு கீற்றுக் காட்டையும் மட்டும் விட்டிருக்கிறார்களாம். அப்படியென்றால் இவர் நிற்கிற இடம் என்று கேட்டேன். அது இருக்கிறது என்றது. வீடு வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வேன், நானும் அரசாங்க வீட்டுக்காக வரிசையில் காத்திருந்தவள். ஆனால் அந்த மரங்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். முன்பு அவற்றைப் பார்த்திருந்தால் மரம் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். அவர் பக்கத்தில் நிற்பதால்தான் எவ்வளவு பெரிசு என்று தெரிந்தது. போனது எவ்வளவு என்றும் தெரிந்தது.

நீ போகிற இடத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, புத்தி சொல்லவும் வரவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். இனிமேல் யாராவது உன்னிடம், அவளிடம் சொல்லாதே, இவளிடம் சொல்லாதே என்று வாக்குக் கேட்டால் கொடுக்காதே. அவர் நல்லவர், பயந்தவர், கேட்டுவிட்டார். நீ நல்ல பிள்ளையாகக் கொடுத்துவிட்டாய். இரண்டு நல்லவர்களுக்கு நடுவில் நான் ஒரு வருஷம் ஒரு பாஸ்போர்ட் படத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

உன் சித்தப்பா மகனிடம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவன் முகம் சுருங்கியது, சுருங்கட்டும். திவசத்துக்கு நீதான் உட்கார வேண்டும். சரவாக் அதற்கப்புறம் போய்க்கொள். வரும்போது அந்த ஓடைப் படத்தைப் பெரிசாகக் கொண்டு வா. டிவிக்கு மேலே இடம் ஒழித்துவிட்டேன், பாஸ்போர்ட் படத்தை இறக்கி அலமாரியில் வைத்தாயிற்று. வருகிறவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள், காட்டைப் போய் வைத்துச் சாமி கும்பிடுகிறீர்களா என்பார்கள். நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். பூக்கடைக்காரியிடம் மாலை சொல்லப் போனேன். எவ்வளவு பெரிய படம் என்றாள். கையை விரித்துக் காட்டினேன். “அம்மாடி, மனுஷர் அவ்வளவு பெரிய ஆளா?” என்றாள். அளவுக்கு நின்றவர் என்றேன். அவளுக்குப் புரியவில்லை, நீளமாகக் கட்டித் தருகிறேன் என்றாள்.

மாலை போட்டுவிடலாம். சந்தனப் பொட்டுதான் எனக்கு விளங்கவில்லை. என் சுண்டுவிரலால் வைத்தால் ஆள் முழுக்க மறைந்துபோவார். தீக்குச்சி முனையால் வைக்கலாம் என்று அக்கா சொல்கிறாள், என் கை அவ்வளவு நிதானமாக நிற்காது. நின்றாலும் எங்கே வைப்பேன்? முகத்தைக் காட்டமாட்டேன் என்று முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். நெற்றி அந்தப் பக்கம், மரங்களைப் பார்த்தபடி இருக்கிறது. இந்த வீட்டில் அந்தப் பக்கத்தைப் பார்த்தவன் நீ ஒருவன்தான். வந்து நீயே வை.